சிவப்புத் தட்டில் இருந்த மாத்திரைப் புட்டி

அப்பா எங்களை விட்டுச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் அனைவரும் அப்பாவை அறிந்தவர்கள். ஆனால் அவருடைய கடைசி வாரத்தைப் பற்றிப் பலவிதமாகக் கேட்டிருப்பீர்கள். அதை உள்ளபடி எழுதிவைப்பது மகள் என்ற முறையிலும் மருந்தாளுநர் என்ற முறையிலும் என் கடமை.

அப்பா முசிறியில் ஒரு வாழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த ஆண்டே தாத்தா இறந்துவிட, திருச்சிக்கு வந்து லேத் பட்டறையில் சேர்ந்தார். தங்கைகள் இருவருக்கும் மணம் முடித்த பிறகே தாம் மணம் செய்துகொண்டார். அரியமங்கலத்தில் ஒரு தொழிற்கூடத்தில், செய்து முடித்த உருப்படிகளை அளந்து பார்க்கும் பரிசோதகராக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் சைக்கிள்தான். பெண்ணுக்கு எதற்கு மருந்தியல் படிப்பு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அப்பாவே என் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார்.

அவருடைய தொழிற்கூடத்தில் ஒரு விதி உண்டு. அளவு தப்பிய உருப்படியை, காரணம் எழுதிய சீட்டோடு சிவப்புத் தட்டில் வைத்துவிட வேண்டும். பொறுப்பாளர் வந்து பார்க்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது. அப்பா வீட்டிலும் ஒரு சிவப்புத் தட்டு வைத்திருந்தார். எரியாத டார்ச், கைப்பிடி ஆடும் வாணலி, பெயர் தப்பாக வந்த ரேஷன் கார்டு எல்லாம் அதில் சீட்டோடு காத்திருக்கும். "நான் ஒரு நாள் மக்கர் பண்ணினா என்னையும் சீட்டு ஒட்டி அதுல உக்கார வெச்சிடுவாரு" என்பார் அம்மா.

ஐம்பத்திரண்டு வயதில், ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் சைக்கிள் மிதிக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சில் இறுக்கம் வரத் தொடங்கியது. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் குறுகிவிட்டதாக டாக்டர் சொன்னார். இதயம் வேகமாகத் துடித்தால் அந்தத் தசைக்குக் கூடுதல் இரத்தம் வேண்டும். குறுகிய குழாயால் தர முடியாது. அதனால் துடிப்பை அடக்க புரொப்ரனலால் மாத்திரை.

"ஆயில் கம்மியா வந்தா லேத்த மெதுவா ஓட்டணும். அவ்வளவுதானே டாக்டர்?" என்றார் அப்பா. டாக்டர் சிரித்துவிட்டார்.

நாடி ரொம்பக் குறைந்தாலோ தலை சுற்றினாலோ வந்து சொல்லும்படி டாக்டர் கூறியிருந்தார். அப்பாவுக்கு அது போதவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்: "ரொம்பன்னா எவ்வளவு பாப்பா? ஒரு நம்பர் குடு."

கொடுத்தேன். அன்று நான் எழுதி, கடிகாரத்துக்குக் கீழே ஒட்டிய தாள் இது:

1. மாத்திரை மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன்.
2. காலையில் எழுவதற்கு முன் ஒரு நிமிடம் நாடி எண்ணிக் குறிக்கவும்.
3. நெஞ்சில் இறுக்கம் வந்தால் உட்கார்ந்து, நாக்குக்கு அடியில், டாக்டர் தனியே தந்த சிறிய மாத்திரை.
4. நாடி 55-க்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்தி, எனக்குச் சொல்லவும்.

55 என்பது டாக்டர் சொன்ன எண் அல்ல, நான் சொன்னது.

மூன்று ஆண்டுகள் அப்பா நலமாக இருந்தார். இதற்கிடையில் எனக்கு முசிறி மருத்துவமனையில் வேலை கிடைத்தது. தாம் பிறந்த ஊர் என்று அப்பாவுக்கு அதில் தனி மகிழ்ச்சி. அங்கேயே தங்கி, சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவேன்.

அந்தக் கடைசி வாரத்துத் திங்கட்கிழமை நாடி 54. தலைசுற்றல் இல்லை, வேறு தொந்தரவும் இல்லை. அப்பா புட்டியை மூடிச் சிவப்புத் தட்டில் வைத்துவிட்டார். அன்று பேசியதை அம்மா எனக்குப் பிறகு சொன்னார்.

"ஒண்ணுதானேங்க கம்மி. போட்டுக்கங்களேன்."

"ஒண்ணோ பத்தோ, கீழன்னா கீழதான். பாப்பா சனிக்கிழமை வரும். பார்த்துட்டுச் சொல்லட்டும்."

போஸ்ட் ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு போன் போடலாமே என்று அம்மா கேட்டிருக்கிறார். வேலை நேரத்தில் பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அப்பா மறுத்துவிட்டார். புதன்கிழமை, இத்தனை நாளாகக் காலில் கல்லைக் கட்டியது போல இருந்த சோர்வு விட்டுவிட்டது என்று மகிழ்ந்து, கொள்ளிடக் கரை வரை நடந்து வந்தாராம்.

நோட்டில் அப்பாவின் கையெழுத்து அப்படியே இருக்கிறது. செவ்வாய் 63. புதன் 76. வியாழன் 85. வெள்ளி 92. ஒவ்வொன்றுக்கும் நேரே சரி என்று ஒரு குறி. கீழ் எல்லையை எழுதித் தந்த நான் மேல் எல்லையை எழுதித் தரவில்லை.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டுத் துண்டை உலர்த்தும்போது கொடிக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ மருத்துவமனையை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது நான் முசிறி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது புட்டி தட்டில் இருந்தது. சீட்டில்: "54. கீழ் எல்லை 55. பாப்பா பார்க்கணும்."

இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. அடக்கிவைத்த துடிப்பு சீறிக்கொண்டு எழும். குறுகிய குழாய் தாங்காது. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அதுதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஆமான்னு சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் ஓராண்டாக இருக்கிறேன். முசிறிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்தான். எப்படி எண்ணினாலும் அப்பா எனக்காகக் காத்திருந்தது ஐந்து நாட்கள்.

தாளில் நான்காவது வரியை அடித்துவிட்டேன்; அதற்குக் கீழே இடம் இருந்தது. இப்போது எழுதியிருக்கிறேன்: "டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. சந்தேகம் வந்தால் அன்றே கேட்கவும்." உறவில் இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் நான்கு பேர் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம். மலர் கெட்டுப்போகும் என்று தயங்க வேண்டாம்.

அன்று அப்பாவைத் தோளில் தாங்கி ஆட்டோவில் ஏற்றிய அடுத்த வீட்டு சவரிமுத்து மாமாவுக்கும், வேலையை நிறுத்திவிட்டு வந்த தொழிற்கூட நண்பர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முசிறியில் என் மருந்து ஜன்னலுக்கு வருபவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் தாளில் சேர்த்த அந்த வரியைச் சொல்லித்தான் இந்த மாத்திரைப் புட்டியைக் கொடுக்கிறேன். "போன மாசமே சொன்னீங்களேம்மா" என்பார்கள். ஆமாம், சொன்னேன் என்று மறுபடியும் சொல்வேன். புட்டியை வாங்கிய பிறகும் நகராமல், நான் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டுப் போகிறார்கள்.