மாதேஷ் அங்கிள் பேஸ்ட் காயட்டும் என்றார்

மாதேஷ் அங்கிள் இறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரிங் ரோட்டில்.

எங்கள் ஸ்கூல் வேன் டிரைவர். காலையில் எங்களை ஏற்றுவார், சாயங்காலம் ஹெப்பாள் ஃபேக்டரி ஆட்களை. வேன் என் அப்பாவுடையது.

நான் கீர்த்தனா. ஒன்பதாம் வகுப்பு. இது அம்மாவின் ஐடி... அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் வைத்து டைப் செய்கிறேன்.

மதியம் அப்பா போட்ட பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை என்று எழுதியிருந்தார். ஆயில் இல்லாமல் எப்படி ஓட்டினார் என்று ஒருவர் கீழே கேட்டிருந்தார். அப்பாவின் பதில் இது: "ஒர்க்‌ஷாப்ல விடுன்னு எத்தனையோ தடவ சொன்னேன். கேக்கல. அவனே எதையோ வச்சு ஒட்டிட்டு ஓட்டினான்."

அந்தப் பதிலைப் பத்துத் தடவை படித்துவிட்டேன்.

அங்கிள் எல்லையோரத்து ஹனூர் ஊர்க்காரர். வேனை நிறுத்தும்போது என்ஜினுக்கு அடியில் பழைய கன்னடப் பேப்பர் ஒன்றை விரித்துவிட்டுப் போவார். காலையில் அதை எடுத்து, விழுந்திருக்கும் ஆயில் சொட்டுகளை எண்ணி எங்களுக்கு நியூஸ் போல வாசிப்பார்.

"இன்னைக்கு ஒம்பது சொட்டு கண்ணு. நியூஸ் அவ்வளவு நல்லால்லை."

"வேனுக்கு டயப்பர் போடுங்க அங்கிள்" என்பாள் பக்கத்து சீட் சிந்து.

"உங்க ஓனரு வாங்கித் தரட்டும், போட்டுவுடறேன்."

ஓனர் மகள் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். நானும்தான் சிரிப்பேன்.

என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டு போல ஒன்று இருக்கிறது. சேம்பர் என்பார்கள். அதற்கும் என்ஜினுக்கும் நடுவில் ஆயில் ஒழுகாமல் அடைக்கும் பேக்கிங் கிழிந்துவிட்டது. போன ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு வாசலில் வைத்து அதைக் கழற்றினார். கடையில் புது பேக்கிங் வாங்கித் தாருங்கள் என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா உள்ளே போய் பீரோ மேலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்துவந்தார். என் மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ்கள். கொடுத்தது போக மிச்சம் இருந்தவை.

"நல்ல தடி அட்டை. இதுல வெட்டு."

எனக்கு அழுகை வந்தது. அட்டையில் என் போட்டோ. பட்டுப்புடவை, பூ ஜடை எல்லாம் வைத்து...

அங்கிள் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கத்தரியால் போட்டோவை மட்டும் வட்டமாக வெட்டி என் கையில் கொடுத்தார்.

"உம்பட மூஞ்சில ஆயில் படக்கூடாது சாமி. பத்திரமா வச்சுக்கோ."

மிச்ச அட்டையைச் சேம்பர் விளிம்பில் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி அச்சு எடுத்தார். ஒரு அட்டை போதவில்லை. நாலு அட்டையில் நாலு துண்டு. சேரும் இடங்களில் சிவப்பு பேஸ்ட். வேனுக்கு அடியில் இருட்டாக இருந்ததால் போன் டார்ச்சை நான் பிடித்தேன். பிடி என்று சொன்னது அப்பா.

போல்ட் எல்லாம் முடுக்கிவிட்டு வெளியே வந்தார் அங்கிள். "அண்ணா, பேஸ்ட் காயோணுங்க. நாளைக்குக் காலைல ஆயில் ஊத்திக்கலாம்."

"இன்னைக்கு ஆறு மணிக்கு ஹெப்பாள் ஷிப்ட் யாரு எடுப்பா? நானா?"

"அட்டைங்கண்ணா இது. நாலு எடத்துல ஒட்டு வேற. தாங்காதுங்க."

அவசரம் என்றால் அப்பாவுக்குக் கன்னடம் வந்துவிடும். "ஏனாகல்ல மாதேஷா, ஒண்ணும் ஆகாது. ஊத்து, எடு வண்டிய."

அங்கிள் ஊற்றினார். எடுத்தார்.

புதன்கிழமை பேப்பர் முழுக்கக் கறுப்பு. சொட்டு எண்ணவே முடியவில்லை. அங்கிள் வாசிக்காமல் சுருட்டி வைத்துவிட்டார். வேனை இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் விடலாமா என்று கேட் பக்கத்தில் நின்று அப்பாவிடம் கேட்டார். "வெளிய இன்னொரு கோட்டிங் பேஸ்ட் அடி" என்றார் அப்பா. டீ டம்ளரைக்கூட கீழே வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆயில் எல்லாம் ஒழுகி, ரிங் ரோடு நடுவில் என்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரியட்டும் என்று மரக்கொப்பு ஒன்றை வைக்கப் போயிருக்கிறார். அப்போதுதான் லாரி...

நேற்று ஹனூரில் அடக்கம். அங்கிளின் மனைவி ரத்னா அக்கா அப்பாவிடம், "வண்டிக்கு என்னங்ணா ஆச்சு?" என்று கேட்டார். அப்பா இதே பதிலைத்தான் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அக்கா அங்கிள் பக்கம் திரும்பி, "ஓனரு சொன்னதக் கேட்டிருந்தா என்னங்க... கேட்டிருந்தா என்னங்க..." என்று திட்டினார். படுத்திருக்கும் அங்கிளை.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

காரில் திரும்பும்போது அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீ ஒண்ணும் பாக்கல. புரிஞ்சுதா?"

தலையாட்டினேன்.

ஒருமுறை மேத்ஸ் மார்க்கை மறைத்ததற்கு ஒரு வாரம் என்னுடன் பேசாமல் இருந்தவர் என் அப்பா. மார்க் போகட்டும், பொய் சொன்னாயே என்றார். நான் அதை நம்பினேன்.

ரத்னா அக்கா ஃபேஸ்புக்கில் இல்லை. பார்ப்பவர்கள் யாராவது அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். புது பேக்கிங் கேட்டது அங்கிள். ஒர்க்‌ஷாப்பில் விடக் கேட்டதும் அங்கிள். அவரைத் திட்ட வேண்டாம் அக்கா.

அவர் வெட்டிக் கொடுத்த போட்டோவின் இரண்டு பக்கமும் கீழே. முகத்தில் ஆயில் இல்லை. பின்பக்கம் அவர் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருக்கிறது. பக்கத்தில், அழைப்பிதழில் அச்சடித்திருந்த அப்பாவின் பெயர், பாதி வெட்டுப்பட்டு.

ஹாலில் லைட் எரிகிறது. யாரோ எழுந்துவிட்டார்கள்...

போய் வாங்க அங்கிள். நான் பார்த்தேன்.