பலகடுவ இறக்கத்தில் நியூட்ரல்

இன்று காலை காரின் டிக்கியைத் துப்புரவு செய்தபோது ஒரு அழுக்குத் துணி கையில் அகப்பட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். கருகிய கியர் ஒயில் மணம். எறியத்தான் எடுத்தேன், ஆனால் மடித்துத் திரும்பவும் உள்ளேயே வைத்துவிட்டேன். மற்றவர்களுக்கு மல்லிகை மணத்தால் மனைவி ஞாபகம் வருமாம். எனக்கு இது. சிரிப்பதென்றால் சிரியுங்கள்.

எங்களுடையது பழைய ஜப்பான் கார், ஓட்டோ கியர். கிளச் மிதிக்க என் முழங்கால் இடம் கொடுக்காததால் வாங்கினேன். எங்கள் ஊர் உக்குவளைச் சந்தியில் அதைப் பொம்பளை வண்டி என்று கிண்டலடிக்காத ஆளில்லை.

பெட்ரோல் வரிசைக் காலத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். பெட்ரோல் ஷெட்டுக்கு முன்னால் காருக்குள்ளேயே தூங்கி எழுந்த காலம். அந்த நேரம் பார்த்துத்தான் என் மனைவி செல்விக்குச் சிறுநீரகம் கெட்டது. வாராவாரம் கண்டிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். போவதற்குப் பெட்ரோல் இருக்கும், திரும்பி வர இருக்குமா என்று தெரியாது. கணக்கு வாத்தியாராக இருந்தவன் அல்லவா, வழியெல்லாம் வாய்விட்டுக் கணக்குப் போட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

நியூட்ரல் யோசனை அவளுடையது. இறக்கத்தில் எதற்கு வண்டி பெட்ரோல் குடிக்க வேண்டும்? அப்போது லொறிக்காரர்களெல்லாம் அப்படித்தான் உருட்டிக்கொண்டு போனார்கள். அவை கிளச் வண்டிகள் என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. திரும்பி வரும்போது பலகடுவ மலை உச்சி தாண்டியதும் அவள் கை கியர் லீவரின்மேல் வந்துவிடும். ஊசி குத்திக் குத்தி நீலம் பாரித்த கை.

"என்னங்க, இறக்கம் வந்துருச்சு. விடவா?"

நான் தலையாட்டுவேன். கீழே சமதரைக்கு வந்ததும் அவளே மறுபடி டீ (D) கியரில் போடுவாள். வண்டி ஒரு உதறு உதறும். ஒரு போத்தல் பெட்ரோலைத் திருடிக்கொண்டு வந்தவள்போல அவள் சிரிப்பாள். ஆஸ்பத்திரி நாட்களில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த இடத்தில் மட்டும்தான்.

வரிசைகள் குறையும் முன்பே அவள் போய்விட்டாள். உதறல் மட்டும் வண்டியில் தங்கிவிட்டது. வீட்டு வாசலில் டீயில் போட்டாலே தூக்கிப் போடும். மேட்டில் கியர் மாற அடம்பிடிக்கும், அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தால்தான் மாறும். திருத்தச் சொல்லி மகள் கொழும்பிலிருந்து போனில் நச்சரித்தாள். நான் தள்ளிப்போட்டேன். பேச்சுத் துணையில்லாத வீட்டிலிருந்து கிளம்பும்போது, அந்த உதறல் ஒன்றுதான் பக்கத்தில் ஆள் இருப்பதுபோல இருந்தது. அதையும் இழக்க எனக்கு மனமில்லை.

போன மாதம் மாத்தளைப் பக்கம் ஒரு மேட்டில் எஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை. லொறியில் ஏற்றித்தான் கராஜுக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் நிஸாம் ஊருக்குப் புதியவர், என் வீட்டுக் கதை தெரியாதவர். எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் கம்பியை உருவி, ஒரு துணியில் துடைத்து மணந்து பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் கோப்பி நிறத்தில் இருந்தது. டிக்கியில் கிடந்தது அந்தத் துணிதான்.

"ஓடுற வண்டிய நியூட்ரல்ல விட்டுட்டு திரும்ப டீயில போட்டீங்களா சேர்? ஓட்டோ கியருக்கு உள்ளுக்கயும் கிளச் தட்டு இருக்கு, அதெல்லாம் தேஞ்சி போயிருக்கு."

மனைவிதான் போடுவாள் என்றேன்.

"அவங்கள்ட்ட சொல்லுங்க சேர், இனி லீவர தொட வேணாம்னு."

சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

தட்டுகளை மாற்றி, புது ஒயில் ஊற்றி, நேற்று வண்டியைக் கொடுத்தார். ஷெட்டில் நின்றேன். முன்னால் ஒரு வண்டிகூட இல்லை, கேட்டவுடன் பெட்ரோல் அடித்துவிட்டார்கள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே பலகடுவவரை ஏறினேன். கியர் மாறுவதே தெரியவில்லை. உச்சியில் வண்டியைத் திருப்பியதும் பழக்கதோஷத்தில் தலையாட்டினேன். என்னை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

சமதரை வந்தது. வண்டி உதறவில்லை. டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது, கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆளில்லை.