ஒன்பதாம் நாற்காலி

காலை ஏழு பத்து. மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் அந்த டயாலிசிஸ் மையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது ஒன்பதாம் நாற்காலி. மற்றவற்றில் ஆட்கள் சாய்ந்திருந்தார்கள். அதில் மட்டும் மடித்து வைத்த பச்சைத் துண்டு. அங்கே படுத்திருந்தவர் முந்தைய வாரம் இறந்துபோனார். இடம் அப்படித்தான் காலியாகும்.

அதை மாமாவுக்குத் தருவதாகச் சொன்னார்கள். மாமா என் அம்மாவின் தம்பி. தோட்டத்தில் பால்மரம் சீவியவர்; தோட்டம் விற்கப்பட்ட பிறகு கூலிம் நகரில் ஒரு தொழிற்சாலையில் காவலரானார். சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. அரசு மருத்துவமனையில் தற்காலிகமாகத்தான் பார்த்தார்கள். நிரந்தர இடம் தேடச் சொல்லியிருந்தார்கள். மையத்தை நடத்தியது ஓர் இஸ்லாமிய அறநிறுவனம். ஸகாத் என்னும் கட்டாயத் தானப் பணம் முஸ்லிம் ஏழைகளுக்குப் போனது. கட்டணம் செலுத்துவோரிடம் கிடைத்த லாபத்தில் இரண்டு நாற்காலிகளை எந்த மதத்து ஏழைக்கும் இலவசமாக ஒதுக்கியிருந்தார்கள்.

நிர்வாகி ஒரு தமிழ் முஸ்லிம், எல்லாருக்கும் பாய். அவர் நீட்டிய மலாய்ப் படிவத்தில், மதத்தைக் கேட்கும் 'அகாமா' கட்டத்தின் மேல் மாமா விரலை வைத்தார்.

"இது எதுக்கு பாய்? கையெழுத்துப் போட்டா மதம் மாத்திருவாங்கன்னு பழைய தோட்டத்து ஆளுங்க பேசிக்கிறாங்க."

பாய் சிரித்தார். "அதுக்கில்ல லா அண்ணே. நாளைக்கு நீங்க மௌத்தாப் போனா யார்கிட்ட ஒப்படைக்கிறதுன்னு தெரியணும்ல?"

சாவை வைத்துச் சொன்ன அந்த வேடிக்கைக்கு நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வீட்டுல எழுதிக் கொண்டாரேன்."

மாமாவின் வீட்டு வரிசையில் ஓர் இந்து இறந்தபோது, அந்த மனிதர் எப்போதோ இஸ்லாத்துக்கு மாறியவர் என்று மத இலாகாவிலிருந்து ஒரு தாள் வந்தது. சடலத்தை அவர்கள் எடுத்துப்போன வண்டியைப் பார்த்தபடி இறந்தவரின் மனைவி வாசலில் நின்றதை மாமா கண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். அன்று அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

பாய் இரண்டு முறை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணனைக் கூட்டியாங்க தம்பி. ரெண்டு வாரம்தான் வெச்சிருக்க முடியும். காத்திருக்கிற ஆளுங்க நெறைய."

"நாளைக்குப் போலாம்டா," என்றார் மாமா, ஒவ்வொரு நாளும்.

மூன்றாம் வாரம் நாற்காலி வேறொரு தோட்டத்துப் பெண்ணுக்குப் போனது. அரசு மருத்துவமனையின் தற்காலிகச் சிகிச்சையும் முடிந்துபோக, அடுத்த மாதம் மாமாவின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. அவர் மீளவில்லை. பாய் சாவுக்கு வந்து வெகுநேரம் வெளியே நின்றார். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது தம்பி," என்றார்.

இப்போதும் அந்த வழியாகப் போகையில் கண்ணாடிக்குள் ஒன்பதாம் நாற்காலி தெரிகிறது. அதில் ஆள் இருக்கிறார். மாமாவின் சட்டையில் அத்தை கண்டெடுத்த படிவம் என்னிடம் உள்ளது. அகாமா கட்டத்தில், தாள் கிழியும் அளவுக்குப் பேனாவை அழுத்தி, 'இந்து' என்று எழுதியிருக்கிறார். கீழே கையெழுத்து. பக்கத்தில் தேதி: நாற்காலி கைமாறியதற்கு மறுநாள்.