த போட்ட மெமரி

தங்கம் அக்காவைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் நான்தான் எழுதியாக வேண்டும். அவரோடு ஒரே மேஜையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன் நான் ஒருத்தன்தான். அவர் பேரைக் கெடுத்ததிலும் பாதிப் பங்கு என்னுடையது.

கடை தி. நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. மேலே புடவைக் கடை, கீழே பேஸ்மென்ட்டில் எங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. முதலாளி மாணிக்கவாசகம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. மேலே இருப்பது அவர் அண்ணன் கடை. அண்ணன் துணியைக் கிழித்துக் காட்டி விற்பார், தம்பி பேசியே விற்பார்.

தங்கம் அக்காவுக்கு ஊரூர் ஒல்காட் குப்பம். அம்மா கோவிந்தம்மா பெசன்ட் நகரில் மீன் விற்கிறார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட அக்கா, நான் சேர்வதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே எங்கள் கடைக்குப் பெருக்கித் துடைக்கத்தான் வந்தார். கம்ப்யூட்டர் திடீரென்று கிளம்பாமல் போனால், மெமரியைக் கழற்றி அதன் மஞ்சள் பல் வரிசையை ரப்பரால் தேய்த்து மாட்டுவோம். பாதிக்கு அதிலேயே உயிர் வந்துவிடும். அந்தத் தேய்க்கிற வேலையை அக்காவிடம் தள்ளிவிட்டார்கள். அவர் சும்மா தேய்க்கவில்லை. பச்சைப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் எட்டுக் கறுப்பு சிப்களின் முதுகில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்தார். புரியாததை நாலு கோடு நோட்டில் அப்படியே வரைந்துகொண்டார். எந்தக் குறி எந்தக் கம்பெனி, எந்த எண் எவ்வளவு வேகம், கடைசி நாலு எண் எந்த வருஷம் எந்த வாரம் செய்தது என்று ரெண்டு வருஷத்தில் அந்த நோட்டில் பாதி நிரம்பிவிட்டது. பாலிடெக்னிக் முடித்த எனக்கு அதில் கால்வாசி தெரியாது.

நாங்கள் எல்லாரும் கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேரைப் போட்டு, அது சொல்வதை நம்புவோம். மெமரியின் நடுவில் ஒரு குட்டி சிப் உண்டு, பேர், அளவு, வேகம் எல்லாம் அதில் பதிந்திருக்கும். சாப்ட்வேர் அதை வாசித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். அதை மாற்றி எழுத ஐந்து நிமிஷம் போதும். அக்கா அந்த சாப்ட்வேரைச் சீந்தவே மாட்டார். மெமரிக்கு மேலே தகட்டுச் சட்டை போட்டிருந்தால் முடி உலர்த்துகிற மிஷினால் சூடு காட்டி, மெதுவாகத் தூக்கி உள்ளே பார்ப்பார். அதற்கு அவர் வைத்த பேர் செவுள் பார்ப்பது. மீன் விற்கிற வீட்டுப் பெண் வேறு என்ன பேர் வைப்பார். அந்தப் பேர் கடையில் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. மீன் வாடையே ஆகாத மயிலாப்பூர் மாமா ஒருத்தர்கூட, “செவுள் பாத்துட்டேளா?” என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் திறப்பார்.

பார்த்து முடித்து நல்லது என்று பட்டால், பலகையின் ஓரத்தில் வெள்ளை இங்க் பேனாவால் ‘த’ என்று ஒரு எழுத்து போடுவார். தங்கத்தின் த. அதற்குக் கால் நீளம், பலகையின் விளிம்பு வரை இழுத்துவிட்டிருப்பார். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்தும் அடையாறிலிருந்தும் ஆட்கள் தேடி வந்து த போட்ட மெமரி இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார்கள். கடைப் பெயரை யாரும் சொன்னதில்லை. அண்ணாச்சிக்கு இது உள்ளுக்குள் எரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருஷம் ஆடி மாதம் மெமரிக்குப் பஞ்சம் வந்துவிட்டது. வாரத்துக்கு வாரம் விலை ஏறியது, கேட்ட சரக்கு வரவில்லை. அண்ணாச்சி எங்கிருந்தோ இருநூறு மெமரி உள்ள ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாப்ட்வேர் பார்த்தேன், எல்லாம் பிரமாதம் என்று சொன்னது. அக்கா ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். பத்துப் பன்னிரண்டு பார்த்துவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

“இன்னா அண்ணாச்சி, எல்லாத்துலயும் ரெண்டு மூணு அஞ்சு ஆறுன்னு கீது. இருவத்தி மூணாம் வருசம், அம்பத்தி ஆறாவது வாரம். வருசத்துக்கு அம்பத்தி ஆறு வாரம் எங்க கீது?”

அண்ணாச்சி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஒரு சிப்பைத் துடைத்தார். கறுப்பு பஞ்சில் வந்தது, அடியில் சுரண்டின கோடுகள் தெரிந்தன. எதிலிருந்தோ பிடுங்கின பழைய சிப்பைத் தேய்த்து, கறுப்படித்து, புது எழுத்து பொறித்திருக்கிறார்கள். பொறித்தவனுக்கு வருஷத்தில் எத்தனை வாரம் என்று தெரியவில்லை. நோட்டில் தேதி போட்டு, ‘2356, வேணாம்’ என்று எழுதி, பெட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டார். அண்ணாச்சியும் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றுதான் சொன்னார்.

அடுத்த ரெண்டு நாள் குப்பத்தில் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று அக்கா லீவு. முதல் நாளே அண்ணாச்சி பெட்டியைத் தூக்கி என் மேஜையில் வைத்தார். வெள்ளைப் பேனாவையும் வைத்தார். எல்லாம் ஓடத்தானே செய்கிறது, எவன் போய் வாரத்தை எண்ணப் போகிறான், ஒரு எழுத்துதானே ஆனந்தகுமார் என்றார். நான் ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை, நாற்பது வயது. முடியாது என்று சொல்லியிருந்தால் என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பாரா என்றுகூட எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் சொல்லிப் பார்க்கவில்லை. இருநூறு த போட்டேன். ரெண்டு நாளில் பாதிப் பெட்டி போய்விட்டது, மீதியை அக்கா வருவதற்குள் அண்ணாச்சி மேலே புடவைக் கடையில் ஒளித்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஸஹானா வந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், அக்காவிடம்தான் எப்போதும் வாங்குவார். அக்கா கூழ் ஊற்ற லீவு போட்டிருந்த அன்றைக்கு என்னிடம் வாங்கிப் போயிருந்தார். அந்த மெமரி கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பாக எழுதி, ஒரு வீட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. கேமரா கார்டை முன்னமே அழித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஸஹானா என்ன பதில் சொல்வார். அவர் கத்தவில்லை. மெமரியைக் கவுண்டரில் வைத்து அக்காவைப் பார்த்து, “உங்க எழுத்து இருந்ததாலதான்க்கா வேற எதையும் பாக்காம போட்டேன்” என்றார்.

அக்கா எடுத்துப் பார்த்தார். சிப்பைப் பார்ப்பதற்கு முன்னால் எழுத்தைப் பார்த்தார். இது என் கை இல்லம்மா என்று சொல்லிவிட்டு, டிராயரிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 2356, வேணாம். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. நான் வாயைத் திறக்காமலே உண்மை வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். அண்ணாச்சியை நான் சரியாக எடை போடவில்லை. அவர் அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்தார்.

“பாத்தீகளாம்மா, இதுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் எழுத்தப் போட்டுருக்கு.”

அக்காவின் பதினாறு வருஷ நோட்டு ஒரே நொடியில் அவருக்கு எதிராகத் திரும்பி நின்றது. ஸஹானா என் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்க, யார் பார்த்தது என்று கேட்டார்.

“மெமரி எல்லாம் அக்காதான் பாப்பாங்க” என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைவிடக் கேவலமான பொய்யை நான் சொன்னதும் இல்லை. அக்கா என்னைப் பார்த்தார். வாய் திறந்தால் சந்து முழுக்கக் கேட்கிற மனுஷி அவர், ஒருமுறை தராசில் கை வைத்த மீன் ஏஜென்டைக் குப்பத்து மணலில் ஓட ஓட விரட்டியவர். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன், கிழித்திருந்தால் இன்றைக்கு எனக்குத் தூக்கமாவது வரும். நோட்டை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஆனந்து, உன் த-வுக்குக் காலு குட்ட” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

அதற்கப்புறம் அவர் ஏறி இறங்காத கடை இல்லை. இந்தத் தொழிலில் கெட்ட செய்தி நடந்து வருவதில்லை. டூப்ளிகேட் போட்ட பொம்பளைதானே என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். இப்போது பாலவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டில் மாடிப்படி துடைக்கிறார் என்று கேள்வி. பெருக்கித் துடைக்க வந்தவரை நாங்கள் பெருக்கித் துடைக்கவே திருப்பி அனுப்பிவிட்டோம்.

நடுவில் ஒரு தடவை கடைக்கு வந்தார். வேலை கேட்கவில்லை. மெமரியில் இன்னும் த போட்டு விற்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதை நிறுத்தச் சொல்லத்தான் வந்தார். “என் எழுத்த வுட்டுடுங்க அண்ணாச்சி, வேற ஒண்ணும் வாணாம்” என்றார். அண்ணாச்சி பெரிய மனுஷத்தனமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரிடம் பொறுமையாக விளக்கினார்.

“அது உன் பேரா தங்கம்? த-ன்னா தரம்லா.”

அக்கா உட்காரவில்லை. நான் ரப்பரை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு மெமரியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரமே அண்ணாச்சி வட்டமாக ஸ்டிக்கர் அடித்துவிட்டார். நடுவில் பெரிய த, சுற்றிலும் சின்ன எழுத்தில் தரம், தரம், தரம். நான்தான் ஒட்டுகிறேன். மயிலாப்பூர் மாமா நேற்று வந்து செவுள் பார்த்தாச்சா என்று கேட்டார், பார்த்தாச்சு மாமா என்றேன், வாங்கிக்கொண்டு போனார். அந்த ஸ்டிக்கரில் த-வுக்குக் கால் குட்டை. பிரஸ்ஸுக்கு எழுதிக் கொடுத்தது நான்.