சைரன் ஊதினால் வந்துவிடுவேன்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம். அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடு என்றார்கள். நல்லது நிறைய உண்டு. ஆனால் அம்மா கவலையிலேயே வாழ்ந்தவர். அதை விட்டுவிட்டு எழுதினால் வேறு யாரோ ஒரு அம்மாவைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

அம்மா ஆலங்காயத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். நான் நடை பழகும் வயதில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணனுக்கு அப்போது ஏழு வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. பேச்சு நாலைந்து சொல்லுக்குள் நின்றுவிடும். எங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகும்போது அண்ணன் அழுவார். அம்மா தினமும் ஒன்றையே சொல்வார்.

"அழாத கண்ணு. சைரன் ஊதினா அம்மா வந்துடுவேன்."

சொன்னபடியே வருவார். அண்ணன் கற்ற முதல் பாடம் அதுதான்.

பிறகு வேலூரில் ஒரு சிறப்புப் பள்ளியில் தங்கிப் படித்தார் அண்ணன். பொத்தான் போடவும் வரிசையில் நிற்கவும் கத்திரிக்கோல் பிடிக்கவும் அங்கேதான் பழகினார். பதினெட்டு வயது முடிந்ததும் தலைமை ஆசிரியை அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"இதுக்கு மேல இங்க வெச்சிக்க முடியாதும்மா. வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க."

"வீட்ல வெச்சி இன்னா பண்றது டீச்சர்? நான் வேலைக்குப் போயிடுவேனே."

தலைமை ஆசிரியை அண்ணனின் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். பாவம், அவர்தான் என்ன செய்வார். பள்ளிக்கூடம் வரைக்கும்தான் எல்லாரும் யோசித்து வைத்திருந்தார்கள். டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அம்மா என்னிடம் கேட்டார்: "எனக்கப்புறம் இவன் எங்கடி போவான்?" அந்தக் கேள்வியைக் கடைசி வரை அவர் விடவில்லை.

ஆறு மாதம் மேஸ்திரி பாயிடம் கெஞ்சி, தன் கம்பெனியிலேயே அண்ணனுக்கு வேலை வாங்கினார். தைத்து வரும் ஷூ மேல்தோலில் தொங்கும் நூலை வெட்டுகிற வேலை. அதே வேலை செய்யும் ரோஸி அக்காவுக்குப் பக்கத்து இடம். ஒரே வாரத்தில் மேஸ்திரி அம்மாவைக் கூப்பிட்டார்.

"அக்கா, வேலையில குத்தமே இல்ல. ஆனா திடீர் திடீர்னு கத்திரிய வெச்சிட்டு கேட்டாண்ட போய் நிக்கிறான். கூப்பிட்டாலும் வர்றதில்ல. மொதலாளி பாத்தா எனக்கும் பேஜாராயிடும். இந்த ஒரு மாசம் பாக்கறேன்."

வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று நினைத்து, அன்று அம்மா அண்ணனை அடித்துவிட்டார். எதற்கு அடி என்று அண்ணனுக்குப் புரியவேயில்லை.

அம்மாவின் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறு சில டேனரிகளுக்கு ஞாயிறு. அந்த வெள்ளிக்கிழமை அம்மா கதவருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஏதோ ஒரு டேனரியின் சைரன் ஊதியது. அண்ணன் எழுந்து, அம்மாவைத் தாண்டிப் போய், வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்தார்.

"இன்னாடா பாக்கற?"

"சைரன். அம்மா வரும்."

"நான் இங்கதானேடா இருக்கேன்."

அண்ணன் திரும்பவில்லை. ஆம்பூரில் எத்தனை கம்பெனியோ அத்தனை சைரன். ஒன்று ஊதி அடங்குவதற்குள் இன்னொன்று ஊதும். அண்ணனுக்கு எல்லாமே அம்மா வருகிற சைரன்தான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நான் சொல்லிக் குடுத்ததத்தான் செஞ்சான். அதுக்குப் போய் அடிச்சேனே" என்றார்.

மறுநாளே மேஸ்திரி பாயிடம் விஷயத்தைச் சொல்லி, மதிய சைரன்கள் ஊதும் நேரத்தில் மட்டும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க அனுமதி வாங்கினார். சைரன் ஊதும்போதெல்லாம் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். "அது கெடக்கட்டும். ரோஸி அக்கா கத்திரிய டப்பால போட்டா நீயும் போடு." மூன்று மாதம் இப்படி. மேஸ்திரி தான் சொன்ன ஒரு மாதக் கெடுவை மறந்தவர்போல இருந்துவிட்டார். கடைசியில் ஊரெல்லாம் ஊதினாலும் அண்ணன் ரோஸி அக்காவின் கையை மட்டும் பார்க்கத் தொடங்கினார்.

இந்த இடத்தில் என் தப்பையும் எழுத வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, அண்ணனை ஆலங்காயத்துக்கு அனுப்பிவிடச் சொன்னவள் நான்தான். அம்மா மறுபேச்சில்லாமல் அனுப்பினார். வந்தவர்களுக்குக் காபி கொடுக்கிற நேரத்தில் சைரன் ஊதியது. அம்மாவின் கண் தானாக வாசலுக்குப் போனது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஒரு புள்ளயும் இருக்கான்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். அந்தச் சம்பந்தம் தட்டிப்போயிற்று. இரண்டு மாதம் நான் அம்மாவோடு பேசவில்லை. எல்லாம் தெரிந்தே பிறகு என்னைக் கட்டிக்கொண்டவர்தான் என் கணவர்.

அண்ணன் வேலையில் நிலைத்த பிறகும் ஒன்று மட்டும் நடக்கவில்லை. வேலை முடிந்தால் கேட்டுக்கு வருவார்; அம்மாவோ ரோஸி அக்காவோ வந்து கையைப் பிடிக்காமல் அங்கிருந்து நகரமாட்டார். பத்தடி பின்னால் நடந்து பார்த்தார் அம்மா. டீக்கடையில் ஒளிந்து பார்த்தார். அண்ணன் அசையவில்லை. மூச்சிரைப்பு முற்றி அம்மா வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அந்தப் பழைய கேள்விதான். ரோஸி அக்கா கூட்டி வருகிறார் என்றேன். "இன்னும் எத்தினி நாளைக்கு?" என்றார். அந்தக் கவலையோடுதான் போனார்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் வேலைக்குக் கிளம்பினார். நான்தான் கொண்டுபோய் விட்டேன். பெற்றவள் போன துக்கம் கூட இல்லை, அதுக்கு என்ன தெரியும் என்று சிலர் பேசியது என் காதில் விழுந்தது. பேசியவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதும் தெரியும்.

அன்று ரோஸி அக்கா விடுப்பு. அது எனக்குத் தெரியாது. மாலையில் விஷயம் தெரிந்து பதறி ஓடினேன். தெருமுனையில் அண்ணன் எதிரே வந்துகொண்டிருந்தார். கையில் சாப்பாட்டுக் கேரியர். எப்படி வந்தார் என்று பிறகு டீக்கடைக்காரர்தான் சொன்னார்: கேட்டில் வெகுநேரம் நின்றாராம், பிறகு தானே நடந்தாராம். என்னைப் பார்த்ததும் அண்ணன் சொன்னார்.

"அம்மா வர்ல. நானே வந்துட்டேன்."

நடுத்தெருவில் நின்று அழுதேன். கேள்வி கேட்டவர் இல்லாத நேரத்தில் பதில் வந்திருக்கிறது.

கவலை தீர்ந்தது என்று பொய் எழுத மாட்டேன். எனக்கப்புறம் என்று இப்போது நான் கேட்டுக்கொள்கிறேன்.

கெடுவை மறந்த மேஸ்திரி பாய்க்கும், கூடவே இருந்த ரோஸி அக்காவுக்கும், அன்று அண்ணன் ரோட்டைக் கடக்கக் கை காட்டி லாரியை நிறுத்திய டீக்கடைக்காரருக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு நாளன்று படையலை மதியமே முடித்துவிட்டால் பஸ் பிடிக்கத் தோதாக இருக்கும் என்று சிலர் கேட்டீர்கள். ஒரே மகன் அண்ணன்தான். விளக்கேற்ற வேண்டியவர் அவர். அன்று அவருக்கு வேலை நாள். மாலையில் சைரன் ஊதும். கொஞ்ச நேரம் காத்திருங்கள், அண்ணன் வந்துவிடுவார்.