தண்ணி கத்துமா

நான் படித்தது எட்டாவது. என் மனைவி படித்தது பி.ஏ. ஆங்கில இலக்கியம், தபால் வழியில். எனக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. 2005இல் அவளுக்கு ஒரு பேப்பர் மட்டும் பாக்கி இருந்தது. பழைய நாவல் பேப்பர். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் போய்விட்டது. கதை அவளுக்குப் பிடிபடும். சொல்தான் இடறும்.

"இந்தத் தடவயும் போச்சுன்னா புத்தகத்தக் கட்டி பரண்ல போட்டுடுவேன்" என்றாள். சொன்னால் செய்வாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு புதுச்சேரியில். ஒரு நாளைக்குப் பத்துச் சொல், அகராதி பார்த்துப் படிக்க வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். சாயங்காலம் நான் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆங்கில எழுத்து எனக்குத் தெரியும். கூட்டிப் படிப்பேன்.

"மெலன்சோலி."

"மெலங்கோலிங்க. சோலி இல்ல."

"சோலியோ கோலியோ, அர்த்தத்தச் சொல்லு."

"தீராத மனவருத்தம்."

சரியாக இருக்கும். அடுத்தது கேட்பேன்.

ஒருநாள் தாளில் பிட்டர்ன் என்று இருந்தது. அவள் அகராதியை எடுக்கப் போனாள்.

"வேணாம். இது எனக்குத் தெரியும்."

"உங்களுக்கா?"

"உப்பு வாருனப்புறம் பாத்தியில கசப்புத் தண்ணி நிக்குமே, அது. டெஸ்ட் பண்ண வர்ற ஆபீசரு அப்பிடித்தான் சொல்லுவாரு."

அவள் எழுதிக்கொண்டாள். அன்றைக்கு ஒரு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து வந்தாள். தட்டை வைத்த சத்தமே வேறாக இருந்தது. பிறகுதான் சொன்னாள். சதுப்பில் பொழுது சாய்கிறது, எங்கோ பிட்டர்ன் கத்துகிறது என்று நாவலில் ஓர் இடம். பேராசிரியர் விளக்கச் சொல்ல, இவள் எழுந்து உப்பளத்துக் கசப்புத் தண்ணீர் என்றிருக்கிறாள். பின்பெஞ்சில் ஒருத்தன், "ஏம்மா, உங்க ஊர்ல தண்ணி கத்துமா?" என்றானாம். வகுப்பே சிரித்ததாம்.

"உங்கள யாரு சொல்லச் சொன்னா? பரீட்சைக்குப் பத்து நாளுதான் இருக்குது. நான் எழுதல."

அகராதியை எடுத்து விரல் வைத்துத் தேடினேன். இருந்தது. ஒன்று, குருகு என்னும் பறவை. இரண்டு, உப்பு எடுத்தபின் நிற்கும் கசப்பு நீர்.

"இங்க பாரு. ரெண்டும் இருக்குது. நான் சொன்னது தப்பில்ல. எடம்தான் தப்பு."

குனிந்து பார்த்தாள். இரண்டையும் விரல் வைத்துப் படித்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவளை அளத்துக்குக் கூட்டிப்போனேன். வாய்க்கால் ஓரம் கோரைக்குள் குருகு கழுத்தை நீட்டி, அதுவும் ஒரு கோரைபோல நின்றது. அவளுக்குத் தெரியவில்லை. கை காட்டினேன்.

"இதுவா? இத்தத்தான் தெனம் பாக்குறமே!"

"இதேதான்."

பாத்தியில் நின்ற கசப்புத் தண்ணீரையும் தொட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள். சிரித்தாள்.

அன்றிலிருந்து முறை மாறியது. சுவரில் வெறும் சொல் இல்லை. அந்தச் சொல் வரும் வரியையும் சேர்த்து எழுதினாள். நான் கூட்டிப் படிப்பேன். அவள் இருக்கிற அர்த்தம் எல்லாம் சொல்லி, இந்த வரிக்கு எது என்று எடுப்பாள். அவசரப்பட்டால், "இன்னொருக்கா வரியப் பாரு" என்பேன். பரீட்சைக்குப் போனாள்.

முடிவு வந்த அன்று நான் வரப்பைக் கொத்திப் பாத்தியிலிருந்து கசப்புத் தண்ணீரை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். நெட் சென்டருக்குப் போனவள் நேரே வந்து வரப்பில் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னாங்க, தண்ணி கத்துதா?"

அதை அவளே கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"கத்துது" என்றேன். "எவ்ளோ?"

"அம்பத்தெட்டு."

"போதும்."

தண்ணீர் பாதிதான் வடிந்திருந்தது. மிச்சத்தையும் வெட்டிவிட்டுக் கரையேறினேன்.