ஐஸில் ஒட்டிய உலோகம்

என் அக்கா கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷமாக உதவியாளர். அதே கல்லூரி அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அக்கா வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவள். அவளுக்கும் சேர்த்து நான்தான் கத்த வேண்டியிருக்கிறது.

அவள் பொறுப்பில் கட்டைவிரல் அளவில் ஒரு துண்டு கடோலினியம் இருந்தது. அருமண் உலோகம், பார்க்க வெள்ளி மாதிரி இருக்கும். குளிர்ச்சியில் இரும்பைப் போலக் காந்தத்தில் ஒட்டும். இருபது டிகிரியைத் தாண்டினால் ஒட்டாது. கண்டுபிடித்தவர் ஒருவர், வைத்த பேரோ அதற்கு இருபத்தெட்டு வருஷம் முன்பே செத்துப்போன இன்னொருவருடையது.

"உலோகத்துக்கே இந்த கதின்னா, நமக்கு என்ன" என்பாள் அக்கா. அவள் பேசுவதில் அதுதான் அதிகபட்சம்.

ஆய்வகத்து ஏ.சி. கெட்டு இரண்டு கோடை போய்விட்டது. ஒன்பது கடிதம் கொடுத்தாள். ஒன்பதையும் டைப் செய்தவள் நான். எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

போன மாதம் பொருள்களைச் சரிபார்க்க ஒரு குழு வந்தது. தலைவர் வணிகவியல் பேராசிரியர். 'காந்தத்தில் ஒட்டும்' என்று பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்கக் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை.

"ரூம் சூடா இருக்கு சார். அதான்" என்றாள் அக்கா.

"உலோகத்துக்கும் வேர்க்குமாம்மா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அறிக்கை என் மேஜைக்கு வந்தது. 'உதவியாளர் அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துள்ளார்.' ஓய்வுபெற நான்கு மாதம் இருக்கும்போது, என் அக்காவைத் திருடி என்று என் கையாலேயே டைப் செய்தேன்.

மறுநாள் அவள் கேண்டீனில் ஐஸ் வாங்கினாள். உலோகத்தைப் பையில் சுற்றி, தலைவர் கண்முன்னாலேயே பத்து நிமிஷம் ஐஸில் புதைத்தாள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சாயங்காலம் அறிக்கையில் சேர்க்கச் சொல்லி ஒரு வரி தந்தார்: 'குளிரில் இது ஒட்டுவதைக் குழுத் தலைவர் கண்டறிந்தார்.' பழைய வரி அப்படியே இருந்தது.

"சார், திருட்டுன்னு போட்டீங்களே, அது?"

"அது நேத்து எழுதினது. நேத்து ஒட்டலதானே?"

இந்த மனிதரை வைத்துக்கொண்டு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? நேராகப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் மறுபடி உலோகத்தைக் குளிர வைத்து, காந்தத்தில் தொங்கவிட்டு எடுத்துக்கொண்டு என்னோடு அவர் அறைக்கு வந்தாள். அவர் மேஜையில் நான் வைத்த அறிக்கைக்கு மேலே பிடித்தாள்.

"கண்டுபிடிச்சது நீங்களாவே இருங்க சார். அந்த வரிய மட்டும் அடிச்சிடுங்க. இது விழறதுக்குள்ள."

அவர் கண்ணாடியைத் தேடினார், பேனாவைத் தேடினார். அதற்குள் உலோகம் அந்தத் தாளிலேயே விழுந்தது. அக்கா அதை எடுக்கவில்லை, நகரவும் இல்லை. அவரே அதைத் தள்ளி வைத்துவிட்டு வரியை அடித்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அக்கா உலோகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏ.சி.க்குப் பத்தாவது லெட்டர் டைப் பண்ணுடி" என்றாள்.